தொப்பியா, குல்லாவா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், 1800-ஐ ஒட்டி ஹாலந்தில் வெளிவந்த புத்தகங்களில் இருக்கும் படங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கால்வாய்க் கரையில் பால்காரர், வாசல்படி கழுவும் பெண், நீளமான பைப்போடு உட்கார்ந்திருக்கும் கனவான், இப்படி. இதையெல்லாம் யாரய்யா படிக்கப் போகிறார்கள் என்று ஆசிரியர் சிரித்தார். வந்த கடிதங்களை அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டேன். முக்கால்வாசிப் பேர் சுற்றிச் சுற்றிக் கேட்டிருப்பது ஒன்றுதான்: படத்தில் நிற்கிற ஆள் சமூகத்தில் எந்தத் தட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: கால்வாய் ஓரம் இரண்டு பெண்கள் நிற்கும் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒருத்தி தலையில் நாடா கட்டிய தொப்பி. இன்னொருத்தி தலையில் வெள்ளைக் குல்லா, இடுப்பில் ஏப்ரன், கையில் வாளி. முதலாமவர் எஜமானி, இரண்டாமவர் வேலைக்காரி. துணியின் பளபளப்பை வைத்துச் சொல்கிறேன், சரியா? (கும்பகோணம்)

ப: விடை சரி, வழி தப்பு. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த படத்தில், சுமாரான கை வரைந்திருந்தால் பட்டும் பருத்தியும் ஒரே மாதிரிதான் விழும், பளபளப்பை நம்பாதீர்கள். தலையைப் பாருங்கள். அன்றைய டச்சு நகரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர் வசதியான வீட்டுப் பெண், குல்லாவோடு தெருவுக்கு வருகிறவர் வேலைக்காரியோ கூலிக்காரர் வீட்டுப் பெண்ணோ சின்னக் கடைக்காரர் மனைவியோ. வேலைக்காரப் பெண் ஒருத்தி காசு சேர்த்து ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டால், 'இவளுக்கு வந்த திமிரைப் பார்' என்றுதான் பேச்சு வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்குள் வசதியான அம்மாக்களும் குல்லாதான் போட்டிருப்பார்கள், லேஸ் வைத்ததாக, கஞ்சி போட்டு விறைப்பாக. அதனால் குல்லாவைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், ஆள் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஏப்ரனும் அப்படித்தான், தனியாக எதையும் சொல்லாது. வாளி சொல்லும். சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வர வாளி தூக்கிப் போவது வேலைக்காரப் பெண்களின் வழக்கம்.

அப்புறம் வாசல்படி. ஆம்ஸ்டர்டாம் கால்வாய் வீடுகளில் தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறித்தான் பெரிய கதவுக்குப் போக வேண்டும். இந்தப் படிக்கட்டு மேடைக்கு ஸ்டூப் என்று பெயர், நம் ஊர்த் திண்ணைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் படிக்கட்டுக்கு அடியிலேயே இன்னொரு சின்னக் கதவு இருக்கும். அது கீழறைக்கு, அதாவது சமையல்கட்டுக்கும் வேலையாட்களுக்கும் போகிற வழி. படம் வரைகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? மேலே நிற்பவர் யார், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் யார், அடிக்கதவில் தலை நீட்டுபவர் யார் என்று மூன்று தட்டையும் ஒரே படத்தில் அடுக்கிவிடலாம். உங்கள் படத்தில் பின்னால் வீடு தெரிந்தால் அந்தச் சின்னக் கதவைத் தேடிப் பாருங்கள்.

கே: எல்லாரும் குளித்து முழுகி, சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறார்களே! அந்த ஊரில் ஏழையே இல்லையா? (மதுரை)

ப: நிறைய இருந்தார்கள், அதுவும் சரியாக இந்தப் படங்கள் வந்த காலத்தில்தான். 1795-இல் பழைய குடியரசு கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர் ஆதரவோடு புதிய ஆட்சி வந்தது. 1806-இல் நெப்போலியன் தன் தம்பி லூயியை ஹாலந்துக்கு ராஜாவாக்கினார், 1810-இல் அந்த நாட்டையே பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டார். இங்கிலாந்தோடு ஓயாத பகை என்பதால் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. துறைமுகத்தை நம்பிப் பிழைத்த ஆம்ஸ்டர்டாமில் 1795-இல் சுமார் 2,20,000 பேர் இருந்தார்கள், 1815-இல் சுமார் 1,80,000 பேர்தான். கால்வாய் ஓரத்துப் பெரிய வீடுகளின் பின்தெருக்களில் தர்மக் கஞ்சியை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

அப்படியென்றால் படத்தில் ஏன் இல்லை? புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் யார் என்று யோசியுங்கள். செப்புத் தகட்டுப் படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க முடியாது. தகட்டுக்கென்று தனி உருளை அச்சு, பல நேரம் தனித்தாள், பிறகு அதைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். சில ஆயிரம் பிரதி போனதும் தகடு தேய்ந்து கோடு மங்கும். வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் பூச வேண்டும். அப்படிப்பட்ட புத்தகம் கூலிக்காரர் வீட்டுக்கு எங்கே போகும்? வாங்குபவர் வரவேற்பறையில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவதற்காக வாங்கினார். அங்கே சிரங்கு பிடித்த பிள்ளையை யார் வரைந்து கொடுப்பார்கள்?

ஏழை வரவே மாட்டார் என்றும் இல்லை. குழந்தைகள் புத்தகத்தில் கதவருகே வருவார், கிழிசல் ஒன்றிரண்டு ஒழுங்காகப் போட்டிருக்கும், கை நீட்டியிருப்பார். எதிரே பணக்கார வீட்டுப் பிள்ளை காசு போடும். படத்தின் நாயகன் அந்தப் பிள்ளைதான், ஏழைக்கு வேலை அந்தக் குழந்தையின் நல்ல குணம் வெளிப்பட ஒரு சந்தர்ப்பம் தருவது மட்டும். நம் பழைய பாடப் புத்தகங்களில் பார்வையற்றவரைச் சாலை கடக்க வைக்கும் பையன் படம் ஞாபகம் வருகிறதா? அவரை வேறு எந்தப் பாடத்திலும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கே: கறுப்பு அங்கி, மூன்று முனை மடித்த தொப்பி, தொப்பியிலிருந்து தொங்கும் நீளமான கறுப்புத் துணி. பார்த்தாலே பெரிய பிரபு என்று தெரிகிறது. யார் இவர்? (ஈரோடு)

ப: சாவு சொல்லி வருபவர். ஆன்ஸ்ப்ரேக்கர் என்று பெயர். ஒருவர் இறந்தால் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்லுவதும் சவ ஊர்வலத்தை நடத்துவதும் இவர் வேலை. அதற்கு ஐம்பது வருஷம் முன்னால் கனவான்கள் போட்ட மூன்று முனைத் தொப்பியை அவர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள், பாதிரிமார்களும் இவரும் விடவில்லை. மேல்தட்டில் பழசானது இப்படிக் கீழே இறங்கி யாரோ ஒருவரின் சீருடையாகிவிடும். நம் ஊரில் நட்சத்திர ஓட்டல் வாசலில் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தானுமாக நிற்கும் காவல்காரரை வெளிநாட்டுக்காரர் பார்த்து மகாராஜா என்று நினைத்த மாதிரி நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள், கவலைப்படாதீர்கள், நானும் முதலில் ஏமாந்தவன்தான்.

கே: டச்சுக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்று ப்ளம் பழப் பாட்டைச் சொன்னீர்கள். ஒரு பையன், ஒரு மரம், ஓர் அப்பா. இதில் வர்க்கம் எங்கே இருக்கிறது? (பாளையங்கோட்டை)

ப: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

ஹியரோனிமஸ் ஃபான் ஆல்ஃபன் என்பவர் 1778-இல் குழந்தைகளுக்கென்று சின்னச் சின்னப் பாட்டுகளாக ஒரு புத்தகம் போட்டார். மனைவி பிரசவத்தில் இறந்து, மூன்று பையன்களோடு தனியாக நின்றவர். பிறகு ஜேக்கபஸ் பாய்ஸ் வரைந்த படங்களோடும் அது வந்தது, அடுத்த நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப அச்சானது. பாட்டு இதுதான்: யான்டியா என்கிற பையன் முட்டை அளவு ப்ளம் தொங்குவதைப் பார்க்கிறான். அப்பா பறிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் இல்லை, தோட்டக்காரரும் இல்லை, இவ்வளவு காய்த்த மரத்தில் ஐந்தாறு போனால் தெரியவா போகிறது என்று யோசிக்கிறான். வேண்டாம், சொன்ன பேச்சைக் கேட்பேன் என்று விலகிப் போகிறான். மறைந்திருந்து கேட்ட அப்பா மகிழ்ந்துபோய் மரத்தை உலுக்க, பையன் தொப்பி நிறையப் பழத்தோடு ஓடுகிறான்.

இப்போது திரும்பிப் பாருங்கள். தோட்டக்காரர்! ஓர் அடியில் பெயர் கூட இல்லாமல் வந்து போய்விடுகிறார், ஆனால் அந்த ஒரு சொல்லில் இது எப்பேர்ப்பட்ட வீடு என்று தெரிந்துவிடுகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பழமரம் வளர்க்கும் வீடு. உலுக்கும் இடத்தில் அப்பாவுக்கு 'பப்பா' என்று சொல் மாறுகிறது. பிரெஞ்சு வாடை அடிக்கிற சொல், மேல்தட்டு வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்ட விதம். பையனுக்கும் பழத்தை அள்ளிப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு தொப்பி. ஃபான் ஆல்ஃபன் யார்? உட்ரெக்ட் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்து, பிறகு நாட்டின் கஜானாப் பொறுப்பு வரை போனவர். தன் பிள்ளைகளுக்காக எழுதினார், தன் வீட்டைத்தான் எழுதினார், அதில் தப்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு இதே பாட்டு பள்ளிக்கூடங்கள் வழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 1784-இல் எடாம் ஊரில் தொடங்கிய ஒரு பொதுநலச் சங்கம், பேரே 'பொதுநன்மைச் சங்கம்' மாதிரிதான், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி, மலிவுப் பாடப் புத்தகம் என்று வேலை செய்தது. 1806-இல் பள்ளிக்கூடச் சட்டமும் வந்தது. வீட்டில் ஒரு மரமும் இல்லாத பிள்ளை, தோட்டக்காரர் வைத்திருக்கும் வீட்டுப் பையனிடமிருந்து கீழ்ப்படிதல் கற்றுக்கொள்கிறது. அந்தப் பிள்ளை ப்ளம் பறித்தால் அதற்குப் பெயர் திருட்டு, தொப்பி நிறையப் பழமெல்லாம் கிடைக்காது.

கே: நம் ஊர் ஜாதி மாதிரிதானே இதுவும்? (விருதுநகர்)

ப: அவசரப்படாதீர்கள். அவர்கள் சொன்ன வார்த்தை 'ஸ்டாண்ட்', அதாவது ஒருவர் சமூகத்தில் நிற்கும் இடம். மேலே ரீஜென்ட் குடும்பங்கள், நகர நிர்வாகப் பதவிகளைத் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டவர்கள். அடுத்து வசதியான வியாபாரிகள், வக்கீல்கள், பாதிரிமார்கள். அதற்கடுத்துச் சின்னக் கடைக்காரர்களும் கைத்தொழில்காரர்களும். கடைசியில் தினக்கூலிகள், அவர்களுக்குக் கீழே 'ஹ்ராவ்'. அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் சாம்பல் நிறம், கும்பலை அப்படி அழைத்தார்கள். பிறப்பு முக்கியம்தான், ஆனால் பூட்டு இல்லை, கடைக்காரர் மகன் படித்துப் பாதிரியாகலாம், திவாலான வியாபாரி சறுக்கிக் கீழே வரலாம். சறுக்கிவிடுவோமோ என்கிற பயத்தால்தான் இந்தத் தொப்பி, குல்லா விஷயத்தில் அவ்வளவு கறார்.

கூப்பிடும் விதத்தில் இது நன்றாகத் தெரியும். பெரிய வீட்டு மனைவி 'மெவ்ரவ்'. நடுத்தர வீட்டு மனைவி, கல்யாணம் ஆகிப் பேரப்பிள்ளை எடுத்திருந்தாலும், 'யுஃப்ரவ்'. உழைக்கும் வீட்டுப் பெண் வெறும் 'வ்ரவ்'. படத்துக்குக் கீழே இந்த மூன்றில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு யுஃப்ரவ் என்றால் கல்யாணமாகாத பெண் என்று மொழிபெயர்த்தால் குடும்பமே குழம்பிப்போகும்.

கே: அந்தப் படங்களில் வரும் பூப்போட்ட துணி நம் கடற்கரையிலிருந்து போனது என்று என் தாத்தா சொல்லுவார். உண்மையா? (நாகப்பட்டினம்)

ப: தாத்தா சொன்னதில் நிறைய உண்மை, கொஞ்சம் காலக் குழப்பம். டச்சில் அந்தத் துணிக்குப் பெயர் 'சிட்ஸ்'. நாம் சொல்லும் சீட்டித் துணி, ஆங்கிலேயர் சொன்ன சின்ட்ஸ் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், உங்கள் நாகப்பட்டினம் வரையிலான கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கி ஏற்றிய சரக்கில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தி முக்கியமானது. இம்பூறல் வேரிலிருந்து எடுத்த சிவப்பு எத்தனை துவைத்தாலும் போகாது என்பதால்தான் ஐரோப்பாவில் அதற்கு மவுசு.

முதலில் அதைப் போட்டுக்கொண்டது பணக்கார வீடுகள். 1800 வாக்கில் அந்த வீட்டுப் பெண்கள் பாரிஸைப் பார்த்து வெள்ளை மஸ்லினுக்கு மாறிவிட்டார்கள். பூப்போட்ட பருத்தி வேலைக்காரப் பெண்களின் சட்டைக்கும் கிராமத்துப் பெண்களின் உடுப்புக்கும் இறங்கிவிட்டது. வடக்கு மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில் ஹிண்டலோப்பன் என்கிற கப்பல்காரர் ஊரில் மட்டும் பெண்கள் சீட்டி மேலங்கியை விடவேயில்லை, துக்கம் என்றால் நீலமும் வெள்ளையும். அங்கே அது பெருமை. அதனால் படத்தில் பூத்துணி வந்தால் நகரமா, ஹிண்டலோப்பனா என்று கேட்க வேண்டும், நகரமென்றால் அநேகமாக வேலைக்காரி.

தாத்தாவிடம் சொல்லுங்கள்: நாகப்பட்டினம் 1781-லேயே டச்சுக்காரர் கையை விட்டுப் போய்விட்டது, கம்பெனியும் 1799 கடைசியோடு முடிந்தது. அதற்கு முன்பே ஐரோப்பாவில் பருத்தியில் பூ அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே 1810-இல் வரைந்த வேலைக்காரியின் சட்டை நம் கரையில் எழுதியது என்று சத்தியம் செய்ய முடியாது. அவள் பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் சொல்லலாம்.

கே: பாதிச் சிவப்பு, பாதிக் கறுப்பு, நடுவில் பிளந்த மாதிரி கவுன். சர்க்கஸ்காரியா? (திருச்சி)

ப: அநாதைப் பெண். ஆம்ஸ்டர்டாம் நகரின் நிறங்கள் சிவப்பும் கறுப்பும், அங்கே பர்ஹர் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு உடுப்பு இப்படித்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. இதில் உள்ளுக்குள் இன்னொரு தட்டு இருக்கிறது. அந்த இல்லத்தில் நகரக் குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். மற்ற ஏழைப் பிள்ளைகளுக்கும் தெருவில் கிடந்த குழந்தைகளுக்கும் வேறு இல்லம், கூட்டம் அதிகம், சாப்பாடு மட்டம். 1820-களில் அந்த இரண்டாவது இல்லத்துப் பிள்ளைகளை வடக்கே ட்ரெந்தே மாகாணத்தில் ஃபேன்ஹவுசன் என்கிற தரிசு நிலக் குடியேற்றத்துக்கு அனுப்பி, இல்லத்தையே மூடிவிட்டார்கள். அதை நிறுவிய சங்கத்தைத் தொடங்கிய யொஹானஸ் ஃபான் டென் பாஸ், பிறகு ஜாவாவுக்குக் கவர்னராகப் போய் அங்கே விவசாயிகளைக் கட்டாய சாகுபடியில் மாட்டிவிட்ட அதே ஆள்.

சிவப்பு-கறுப்புப் பெண் அழகான உடுப்போடு படங்களில் அடிக்கடி வருவாள். மற்ற பிள்ளைகளை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கே: கிராமத்துப் பெண் என்று போட்டிருக்கிறது, தலையில் தங்கக் கவசம்! எப்படி? (தஞ்சாவூர்)

ப: கிராமம் என்றால் ஏழை என்பது நம் மனதில் இருக்கும் சமன்பாடு. ஃப்ரீஸ்லாந்தில் குல்லாவுக்கு அடியில் போடும் உலோகப் பட்டைக்கு ஓரைசர் என்று பெயர், 'காது இரும்பு' என்பது சொல்லர்த்தம். ஆரம்பத்தில் குல்லா நழுவாமல் இருக்க ஒரு கம்பி. அப்புறம் அகலமாகி அகலமாகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப் போகத் தலையையே மூடும் தகடாகிவிட்டது. பெரிய பண்ணைக்காரர் வீட்டில் தங்கம், அதற்குக் கீழே வெள்ளி, இல்லாதவருக்குப் பித்தளை. தென்மேற்கு மாகாணமான ஸேலாந்தில் பவள மாலை, தங்கக் கொக்கியோடு. நகரத்துச் சின்னக் கடைக்காரர் மனைவியிடம் இருந்த மொத்த நகையைவிட ஒரு பண்ணைக்காரியின் தலை கனமாக இருக்கும். நம் தஞ்சாவூர் மிராசு வீட்டு ஒட்டியாணம் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கே: ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பார்த்தேன். ஒன்றில் பாவாடை சிவப்பு, இன்னொன்றில் நீலம். எதை நம்ப? (கோயம்புத்தூர்)

ப: இரண்டையும் வேண்டாம். அச்சானது கறுப்புக் கோடு மட்டும். வண்ணம் பட்டறையில் பூசியது, சில சமயம் வாங்கியவர் வீட்டிலேயே பிள்ளைகள் பூசியது. வண்ணத்தை வைத்து முடிவெடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கோட்டில் இருக்கும் வெட்டை, மடிப்பை, பொத்தானைப் பாருங்கள்.

மலிவுப் படத் தாள்களில் இன்னொரு தொல்லை. மரக்கட்டையில் செதுக்கிய படத்தைத் தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம் வரை அச்சடித்தார்கள். யான் லாய்க்கன் 1694-இல் நூறு தொழில்களைப் படமாகப் போட்டார். தச்சர், ரொட்டி சுடுபவர், சலவைக்காரர் என்று. பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தார்கள். 1820-இல் வந்த தாளில் ரொட்டிக்காரர் போட்டிருக்கும் உடுப்பு நூறு வருஷம் பழையதாக இருக்கலாம். அதைப் பார்த்து 'தொழிலாளிகள் பழமைவாதிகள்' என்று ஒருவர் கட்டுரை எழுதினால் என்ன செய்வது?

கே: முகத்தில், கையில் ஏதாவது அடையாளம் உண்டா? ஓவிய ஆசிரியராகக் கேட்கிறேன். (காஞ்சிபுரம்)

ப: உண்டு ஐயா, அதுவும் எழுதியே வைத்த அடையாளம். 1707-இல் ஹெரார்ட் டெ லெரெஸ் என்கிற ஓவியர் ஒரு பெரிய ஓவியப் பாடநூல் வெளியிட்டார். அப்போது அவருக்குக் கண் பார்வை போய்விட்டது, சொல்லச் சொல்லத் தொகுத்தது. அதில் ஒரு கோப்பையை நாகரிகமானவர் எப்படிப் பிடிப்பார், பாமரர் எப்படிப் பிடிப்பார் என்று கைகளை மட்டும் வரைந்து காட்டியிருக்கிறார். ஒருவர் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும், இன்னொருவர் முழுக் கையால் இறுக்கி. பல தலைமுறை ஓவியர்கள் புரட்டிய புத்தகம் அது. அதனால் 1810-இல் வரைந்த படத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும் விரலைப் பார்த்தால், தெருவில் கண்டதை வரைந்தாரா, பாடத்தில் படித்ததை வரைந்தாரா என்று எனக்குச் சந்தேகம் வரும். பைப் விஷயம் மட்டும் வேறு. நீளமான களிமண் பைப்பை ஒரு கையில் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு உட்கார நேரம் வேண்டும். இரண்டு கையாலும் வேலை செய்பவர் வாயில் கடித்துக்கொள்ளும் குட்டைப் பைப்தான் வைத்திருப்பார். அது பாடநூலில் இருந்து வந்த அடையாளம் இல்லை.

கே: படத்தில் இருப்பவர்களுக்குப் பெயரே இல்லையே, ஏன்? (திருநெல்வேலி)

ப: பெயர் வேண்டுமென்றால் பணக்காரராக இருக்க வேண்டும்! அவர்கள் உருவப்படம் எழுதிப் பெயர் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் 'வகை' ஆனார்கள். ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் எவர்ட் மாஸ்காம்ப் 1803 முதல் நாட்டின் உடை, வழக்கங்கள் என்று வண்ணப் படத் தொகுதி போட்டார். வரைந்தவர் யாக் கைபர், தகட்டில் செதுக்கியவர் போர்ட்மன். கிராமத்துப் பெண்கள், மீனவர்கள், வேலைக்காரப் பெண்கள் எல்லாம் அதில் உண்டு. டச்சோடு பிரெஞ்சிலும், பிறகு ஆங்கிலத்திலும் விளக்கம். அதாவது வெளிநாட்டுக்காரர் வாங்கி ஊருக்குக் கொண்டுபோவதையும் மனதில் வைத்தது, சுற்றுலா நினைவுப் பொருள் மாதிரி.

1841-இல் ஹேக் நகரில் 'நெதர்லாந்து' என்ற பெயரில் ஒரு தொகுதி வந்தது, தலைப்பிலேயே 'பல ஸ்டாண்டுகளின்' உடை, தோற்றம் என்று இருக்கும். பாரிஸிலும் லண்டனிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த பாணியைப் பார்த்துச் செய்தது. ஹில்டெப்ராண்ட் என்ற புனைபெயரில் எழுதிய நிக்கோலாஸ் பேட்ஸ் அதில் படகுக்காரர், நாவிதர், வாடகை வண்டிக்காரர், பிரசவத்துக்குப் பிறகு தாயையும் சேயையும் பார்த்துக்கொள்ளும் பெண் என்று எழுதினார். மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய படங்கள் என்பதால் எழுத்துக்கு நடுவிலேயே அச்சிட முடிந்தது. பேட்ஸ் அன்பாகத்தான் எழுதுகிறார், சிரிக்கவும் வைக்கிறார். இருந்தாலும் நாவிதருக்குப் பெயர் 'நாவிதர்'தான்.

கே: இவற்றை எங்கே பார்க்கலாம்? (சேலம்)

ப: ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. டெல்ஃபர் என்ற இணையத் திரட்டில் புத்தகங்களே முழுதாக இருக்கின்றன. டச்சு தெரியாவிட்டாலும் படம் பார்க்கலாம்.

கே: போன இதழில் நீங்கள் போட்ட படத்தில் வலது பக்கம் நிற்பவரை வேலைக்காரி என்று எழுதியிருந்தீர்கள். இடுப்பில் தொங்குவது என்ன என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா? (புதுச்சேரி)

ப: உங்கள் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். சாவிக்கொத்து, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, எல்லாம் ஒரு கொக்கியில், சங்கிலி சங்கிலியாக. அந்த மாதிரி வெள்ளிக் கொக்கி வசதியான வீட்டு அம்மாக்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வது. ஏப்ரனையும் குல்லாவையும் மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். ஆள் நிற்பது வீட்டுக்குள் என்பதையும் கவனிக்கவில்லை, மேலே கும்பகோணத்து வாசகிக்கு இவ்வளவு வியாக்கியானம் செய்தவன். வலது பக்கம் நிற்பவர்தான் வீட்டுக்காரி. இடது பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எஜமானி என்று எழுதியிருந்தேனே, அவர் அநேகமாக வெள்ளாவித் துணி கொண்டுவந்து, காசுக்குக் காத்திருப்பவர். காலடியில் கூடை இருக்கிறது.